செவ்வாய்க்கிழமை சபை

முதல் ஞாயிறன்று காணிக்கைத் தட்டில் விழுந்தது 85 டாலர். கட்டடக் கடனுக்கு மாதந்தோறும் கட்டவேண்டிய தவணை 232 டாலர். ஆராதனைக்கு வருகிறவர்கள் முப்பது பேர்கூட இல்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், அட்லாண்டிக் அவென்யூவில் நொடிந்துகிடந்த அந்தச் சபையை 1971-ல் ஏற்றுக்கொண்ட போதகருக்கு முப்பது வயது ஆகவில்லை. வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்தவரும் இல்லை. கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குக் கேப்டனாக இருந்தவர். பிறகு மன்ஹாட்டனில் விமானத் துறையில் வேலை பார்த்தவர். மனைவிக்குப் பியானோ வாசிக்க வரும், பாட்டுக் கட்ட வரும். இசைக் குறிப்பைப் படிக்கவோ எழுதவோ தெரியாது.

ஜிம் சிம்பலா, கேரல் சிம்பலா என்ற அந்தத் தம்பதியின் புரூக்ளின் டேபர்னக்கிள் சபை பின்னாளில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரும் கூடத்துக்குக் குடிபோனது. அதன் பாடகர் குழு ஆறு கிராமி விருதுகள் வாங்கியது. 2013 ஜனவரியில் ஒபாமா இரண்டாம் முறை பதவியேற்ற விழாவில் அந்தக் குழு பாடியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. இந்த வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாட்டிலிருந்து தொடங்குவார்கள், இல்லாவிட்டால் அற்புதங்களிலிருந்து. எனக்கு இதில் வியப்பாகப் படுவது அவர்களுடைய வார அட்டவணை. வாரத்தில் எந்தக் கூட்டத்துக்கு ஆளே வரமாட்டார்களோ, அதைச் சபையின் உயிர்நாடி என்று அறிவித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பின்னால் நிறுத்தினார்கள். செவ்வாய்க்கிழமை இரவு ஜெபக்கூட்டம்தான் அது.

அந்தக் காலத்துப் புரூக்ளினைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். 1898 வரை தனி நகரமாக இருந்த இடம். மூலைக்கு மூலை கோபுரம் எழும்பியதால் ‘தேவாலயங்களின் ஊர்’ என்று பெயரெடுத்தது. 1860-ல் ஆபிரகாம் லிங்கன் ஆராதனைக்கு வந்து உட்கார்ந்த பிளைமவுத் தேவாலயம் இங்கேதான் இருக்கிறது. நூறு வருஷம் கழித்துப் பார்த்தால் ஊரின் முகமே வேறு. 1966-ல் கடற்படைக் கப்பல்தளம் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த வேலைகள் போயின. வசதியுள்ள வெள்ளைக்காரக் குடும்பங்கள் புறநகருக்குக் கிளம்பிவிட்டன. 1975-ல் நகர நிர்வாகமே திவாலின் விளிம்பில் நின்றது. 1977 ஜூலையில் ஓர் இரவு மின்சாரம் போனபோது தெருத்தெருவாகக் கடைகள் சூறையாடப்பட்டன. முனைக்கு முனை ஹெராயின். பாரம்பரியமும் பணபலமும் உள்ள பெரிய சபைகளே ஆளில்லாமல் தவித்த ஊரில், 85 டாலர் காணிக்கை வாங்கும் சபைக்கு என்ன எதிர்காலம் இருந்திருக்க முடியும்?

இவர்கள் விரும்பி வந்தவர்களும் அல்ல. கேரலின் தகப்பனார் கிளேர் ஹட்சின்ஸ் ஒரு போதகர். சில சிறு சபைகளின் மேற்பார்வை அவர் கையில் இருந்தது. முதலில் நியூவார்க் நகரில் கறுப்பின மக்கள் கூடும் ஒரு சின்னச் சபையை மருமகனிடம் ஒப்படைத்தார். அப்புறம் புரூக்ளினில் நாலு ஞாயிறு மாலை மட்டும் பிரசங்கம் செய்யக் கேட்டார். மாமனார் கேட்ட நாலு ஞாயிறு ஆயுள்கால ஊழியமாக நீண்டது. முதல் வருஷச் சம்பளம் 3,800 டாலர். அதில் வாழ முடியாமல் இருவரும் வெளியே வேலை தேடிக்கொண்டார்கள். ஜிம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பயிற்சி கொடுத்தார், கேரல் ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் வேலை செய்தார்.

ஆரம்ப நாட்களைப் பற்றி ஜிம் எழுதியிருப்பவை சிரிப்பும் சங்கடமும் கலந்தவை. ஒரு முறை ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே பெஞ்சு பிளந்து, அதில் உட்கார்ந்திருந்தவர்கள் தரையில் விழுந்தார்கள். இன்னொரு ஞாயிறு இரவு பிரசங்கம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. அழுகை. மேலே பேச முடியவில்லை என்று சபையாரிடமே சொல்லிவிட்டு, கேரலைப் பியானோவுக்கு அழைத்தார். மற்றவர்களை முன்னால் வந்து தமக்காக ஜெபிக்கக் கேட்டார். அப்போது ஓர் இளைஞன் ஓடிவந்தான். காணிக்கை எடுக்கும் பொறுப்பில் இருந்தவன். தட்டிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டிருந்தது தான்தான் என்று அழுதபடி ஒப்புக்கொண்டான். வருகிற சொற்பக் காணிக்கையும் ஏன் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்பது அன்றைக்குத்தான் போதகருக்கு விளங்கியது.

தாம் பிரசங்கித்து முடித்திருந்தால் அந்த இளைஞன் எழுந்து வந்திருக்கமாட்டான் என்பது ஜிம்முக்குச் சுருக்கென்று பட்டிருக்கவேண்டும். மேடையில் வார்த்தை நின்று ஜெபம் தொடங்கிய இடத்தில்தான் அந்தச் சபையில் முதன்முதலாக ஏதோ அசைந்தது. ஆனாலும் அதிலிருந்து ஒரு வழிமுறை உருவாக இன்னும் கொஞ்ச காலம் ஆனது. அதற்குள் உடம்பு விட்டுப்போனது. வாரக்கணக்கில் விடாத இருமல். மாமனார் வீட்டார் பார்த்துப் பொறுக்காமல் ஃபுளோரிடாவுக்கு ஓய்வெடுக்க அனுப்பிவைத்தார்கள்.

அங்கே ஒருநாள், உல்லாசப் பயணிகளோடு மீன்பிடிக்கப் போன படகில் நடந்ததை அவர் தம் வாழ்வின் திருப்பமாகச் சொல்கிறார். தூண்டிலைப் போட்டுவிட்டுத் தமக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தவரின் உள்ளத்தில் ஒரு பதில் உதித்ததாம். அவரும் அவருடைய மனைவியும் தேவனுடைய ஜனங்களை ஜெபத்தில் நடத்தினால், பிரசங்கத்துக்குப் புதிய செய்தியும் தேவையான பணமும் குறைவுபடாது. வரப்போகும் கூட்டத்துக்குக் கட்டடம்தான் போதாமல் போகும் என்பது அதன் சாரம். அது தேவசத்தமா, களைத்துப்போன மனம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஆறுதலா என்பது அவரவர் விசுவாசத்தைப் பொறுத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நிபந்தனையில் மனைவியும் சேர்ந்தே இருப்பது. போதகர் தலைவர், மனைவி அவருக்குத் துணை என்ற வழக்கமான ஏற்பாடு அதில் இல்லை. பின்னால் நடந்ததைப் பார்த்தால், கேரல் இல்லாவிட்டால் இந்தச் சபையில் பாதி இல்லை.

ஊர் திரும்பியதும் ஜிம் சபையாரிடம் வெளிப்படையாகச் சொன்னார். ஞாயிறு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது இனி கணக்கில்லை. செவ்வாய் இரவு என்ன நடக்கிறதோ, அதை வைத்துத்தான் இந்தச் சபை தேறுமா தேறாதா என்று பார்க்கப்போகிறோம். அந்த முதல் செவ்வாய்க்கு வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. போதகரிடமும் பெரிய திட்டம் எதுவும் இருக்கவில்லை. கொஞ்சம் பாட்டு, பிறகு ஜெபம்.

நம் ஊர்ச் சபைகளை அறிந்தவர்களுக்கு இந்த அறிவிப்பின் துணிச்சல் புரியும். கிறிஸ்மஸுக்குப் பந்தல் போட்டாலும் இடம் போதாத சபையில், வாரநாள் ஜெபக்கூட்டத்துக்கு முன்வரிசைப் பாய் நிரம்பினால் பெரிய விஷயம். வருகிறவர்களில் முக்கால்வாசி வயதான அம்மாமார்கள். நடத்துவது யாரோ ஒரு சகோதரி. பாஸ்டர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருப்பார். அமெரிக்காவிலும் நிலைமை வேறல்ல. பல சபைகள் அந்தக் கூட்டத்தைச் சத்தமில்லாமல் எடுத்தே விட்டன. சிம்பலா தம்பதி அதையே நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தலைமைப் போதகரும் அவர் மனைவியும் வாராவாரம் அதில் இருந்தார்கள். எந்த அற்புதத்தையும்விட இந்த ஒன்றைத்தான் மற்ற சபைகள் எளிதாகப் பின்பற்றலாம். எளிதாகக் கைவிடுவதும் இதைத்தான்.

நியூயார்க்குக்கு இது புதிதும் அல்ல. 1857 செப்டம்பர் 23 அன்று, ஆற்றுக்கு அக்கரையில், மன்ஹாட்டனின் ஃபுல்டன் தெருவில் ஜெரமையா லான்ஃபியர் என்ற ஊழியர் நண்பகல் ஜெபக்கூட்டம் ஒன்றை அறிவித்துவிட்டுக் காத்திருந்தார். அரைமணி நேரம் ஒருவரும் வரவில்லை. கடைசியில் ஆறு பேர் வந்தார்கள். அடுத்த மாதமே வங்கிகள் கதவைச் சாத்தின, வியாபாரம் படுத்தது. சில மாதங்களுக்குள் நகரமெங்கும் வேலைக்குப் போகிறவர்கள் மதிய இடைவேளையில் கூடி ஜெபிக்கத் தொடங்கினார்கள். தேவாலயங்கள் போதாமல் பர்ட்டன் நாடக அரங்கிலும் 1858-ல் கூட்டம் நடந்தது. அந்த நகரத்தில் ஜெபம் நாடகக் கொட்டகைக்குள் நுழைந்தது அப்போதே.

புரூக்ளினிலும் அதுவே நடந்தது, மெதுவாக. எழுபதுகளின் முடிவில் பழைய கட்டடம் கொள்ளவில்லை. இளம்பெண்கள் கிறிஸ்தவச் சங்கத்தின் கூடத்தை ஞாயிறுகளுக்கு வாடகைக்குப் பிடித்தார்கள். 1979-ல் ஃபிளாட்புஷ் அவென்யூவில் பாழடைந்து கிடந்த திரையரங்கு ஒன்றை வாங்கிச் செப்பனிட்டார்கள். ஏறத்தாழ 1,400 இருக்கைகள். அதுவும் நிரம்பி, ஞாயிறுக்குப் பல ஆராதனைகள் என்று ஆனபின் 2002-ல் ஸ்மித் தெருவுக்கு மாறினார்கள். அந்த இடம் 1918-ல் திறந்த லோவ்ஸ் மெட்ரோபாலிட்டன். ஒரு காலத்தில் மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்கார்ந்து ஊமைப்படம் பார்த்த அரண்மனை; பின்னாளில் பல திரைகளாகத் துண்டுபோடப்பட்டு, கடைசியில் மூடப்பட்டது. நம் ஊரில் மூடிய தியேட்டர் கல்யாண மண்டபமாகும். அங்கே அது சபையானது.

செவ்வாய்க் கூட்டம் ஏழு மணிக்கு. கதவு ஐந்து மணிக்கே திறந்துவிடும். வேலை முடிந்து சுரங்க ரயிலிலிருந்து ஏறி வருகிறவர்கள் வந்ததும் முழங்கால் போடுகிறார்கள். யாரும் தொடங்கிவைக்கக் காத்திருப்பதில்லை. பிரசங்கம் என்று நீளமாக எதுவும் கிடையாது. இரண்டு மூன்று பேராகக் கைகோத்து ஜெபிப்பதும், எல்லோரும் ஒரே நேரத்தில் குரலெடுத்து ஜெபிப்பதும், நடுவில் பாட்டும், யாராவது எழுந்து சாட்சி சொல்வதும். ஜெபக்குறிப்புச் சீட்டுகள் வந்துகொண்டே இருக்கும்: வீட்டை விட்டுப் போன மகன், புற்றுநோய், வேலை, விசா. இதைத் தவிர ‘ஜெபக்குழு’ என்று தனியாக ஒன்று உண்டு. முறைவைத்துக்கொண்டு இரவுபகலாகக் கட்டடத்தில் ஜெபிப்பவர்கள். ஞாயிறு ஆராதனை நடக்கும்போதும் வேறோர் அறையில் அந்த ஆராதனைக்காக ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். மேடைக்கு அவர்கள் வருவதில்லை.

மேடையில் தெரிகிறவர் கேரல். ஒன்பது பேரை வைத்து அவர் தொடங்கிய பாடகர் குழு இருநூற்று ஐம்பதைத் தாண்டி வளர்ந்தது. குறிப்பு படிக்கத் தெரியாத ஒருவர் இத்தனை பேருக்கு எப்படிப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார் என்பது இசை தெரிந்தவர்களுக்கே புதிர். மெட்டு அவர் காதில் இருக்கிறது. ஒவ்வொரு குரலுக்கும் உரிய வரியைப் பாடிக்காட்டுகிறார். அவர்கள் கேட்டுப் பிடித்துக்கொள்கிறார்கள். கர்நாடக இசை கற்ற யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. வெள்ளிக்கிழமை ஒத்திகை பாட்டில் தொடங்காது, அரைமணி நேர ஜெபத்தில்தான் தொடங்கும். வக்கீலும், தெருவில் கிடந்து எழுந்தவரும், கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவரும், போர்ட்டோரிக்கோக்காரரும், வெள்ளைக்காரரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஞாயிறு காலை ஆராதனை நிறத்தால் பிரிந்து கிடக்கும் அமெரிக்காவில், அந்த வரிசையே ஒரு பிரசங்கம்.

இந்த இடத்தில் கதையைச் சுபமாக முடித்துவிடலாம். ஆனால் சபை வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் அவர்கள் வீடு உடைந்துகொண்டிருந்தது. மூத்த மகள் கிறிஸி, பதினாறு வயதில் பெற்றோரையும் சபையையும் உதறிவிட்டு நடக்கத் தொடங்கினாள். இரண்டரை வருஷம். கெஞ்சினார்கள், கண்டித்தார்கள், வாதாடினார்கள். அதன் நடுவில் கேரலுக்குக் கருப்பையை நீக்கும் அறுவைச் சிகிச்சை. உடலும் மனமும் சோர்ந்த நிலையில் அவர் கணவரிடம் நியூயார்க்கை விட்டுப் போகவேண்டும், மீதிப் பிள்ளைகளையாவது காப்பாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆயிரம் பேரைப் பாடவைக்கிறவர் வீட்டில் சொன்ன வார்த்தை இது. ஆனாலும் அவர் போகவில்லை. அந்த நாட்களில் அவர் எழுதிய ‘ஹீஸ் பீன் ஃபெய்த்ஃபுல்’ பல நாட்டுச் சபைகளில் பாடப்படுகிறது. பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது எந்த வீட்டில் பிறந்தது என்று தெரியுமோ.

ஜிம் ஒரு கட்டத்தில் மகளிடம் வாதாடுவதை நிறுத்தினார். மற்றவர்களிடம் அதைப் பற்றிப் புலம்புவதையும் நிறுத்தினார். ஜெபம் மட்டும். பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய் இரவு, கூட்டத்திலிருந்து ஓர் இளம்பெண் எழுதிய சீட்டு அவர் கைக்கு வந்தது. மற்றதை நிறுத்திவிட்டு உங்கள் மகளுக்காக எல்லோரும் ஜெபிக்கவேண்டும் என்று தனக்குத் தோன்றுவதாக எழுதியிருந்தாள். அத்தனை பேர் பாரங்களோடு வந்திருக்கும்போது தன் வீட்டுக் கவலையை முன்வைக்கலாமா என்று அவர் தயங்கினார். பிறகு வாசித்துக்காட்டினார். அன்றைக்கு அந்தக் கூடத்தில் எழுந்த கதறலைப் பிரசவ வலிக்கு ஒப்பிட்டு எழுதுகிறார். வியாழன் காலை அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது மகள் வாசலில் வந்து நின்றாள். சமையலறைத் தரையில் மண்டியிட்டு அழுதாள். அவள் கேட்ட கேள்வி, செவ்வாய் இரவு எனக்காக ஜெபித்தது யார் என்பது. கிறிஸி வளர்ந்தபின் இதையெல்லாம் தன் பக்கத்திலிருந்து ஒரு நூலாகவே எழுதினார்.

சாட்சிகளைக் கேட்டுப் பழகியவர்கள் இங்கே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாயின் ஞாபகம் வருகிறது. அவளும் அதே செவ்வாயில் அதே அளவு கண்ணீரோடு ஜெபித்திருப்பாள். அவள் பிள்ளை திரும்பியிருக்கமாட்டான். சாட்சி மேடைக்குத் திரும்பி வந்தவர்களைத்தான் தெரியும். வளர்ச்சியை ஜெபத்தின் விலைச்சீட்டாக மாற்றிவிட்டால், முப்பது பேரோடு முப்பது வருஷம் ஜெபித்த போதகர்களை என்ன சொல்வது? வேறு காரணங்களும் இருந்தன. 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறியபின் கரீபியத் தீவுகளிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் பக்தியுள்ள குடும்பங்கள் புரூக்ளினில் வந்து இறங்கின. பழைய தியேட்டர்கள் ஈயாடிக் கிடந்தன. 1987-ல் டேவிட் வில்கர்சன் தொடங்கிய டைம்ஸ் சதுக்கச் சபையும் ஒரு நாடக அரங்குக்குள்தான் போய்ப் பெருகியது. அந்த நகரமே பசித்திருந்தது. ஆனால் பசித்த ஊரில் எத்தனையோ சிறு சபைகள் இருந்தும், மற்ற பல மங்கிப்போனபோது இது மட்டும் ஏன் எழுந்தது என்று கேட்டால், மறுபடி செவ்வாய்க்கிழமைக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

இந்தச் சபை என் கவனத்தில் நிற்பது கூட்டம் பெருகியதால் அல்ல, வந்தவர்களை என்ன செய்தார்கள் என்பதால். ஓர் ஈஸ்டர் நாள். ஆராதனைகளெல்லாம் முடிந்து, பேசிக் களைத்துப்போய் மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தார் ஜிம். தெருவில் படுத்து எழுந்த ஒருவர் நடுவழியில் தயங்கித் தயங்கி வந்தார். அழுக்குத் தலை, முன்பல் இல்லாத வாய், சிறுநீரும் மதுவும் வியர்வையும் கலந்த நாற்றம். போதகரின் கை தன்னிச்சையாகச் சட்டைப்பைக்குப் போனது. ஏதாவது கொடுத்து அனுப்பிவிடலாம். அந்த மனிதர் காசு வேண்டாம் என்றார். நீங்கள் பேசிக்கொண்டிருந்த இயேசுதான் வேண்டும், தெருவில் கிடந்து சாகப்போகிறேன் என்றார். அவரைக் கட்டிப்பிடித்து அழுதபோது தாம் வெட்கியதையும், அந்த நாற்றத்தை நேசிக்க முடியாவிட்டால் இந்த ஊழியத்தில் தமக்கு வேலையில்லை என்று உணர்ந்ததையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த மனிதருக்கு மருத்துவம் பார்த்தார்கள், சபையில் வேலை கொடுத்தார்கள். அடுத்த வருஷங்களில் அதே மேடையில் நின்று அவர் சாட்சி சொன்னார்.

தம் வெட்கத்தையும் சட்டைப்பைக்குப் போன கையையும் எழுதத் துணிந்ததால்தான் 1997-ல் வெளிவந்த அவருடைய ‘ஃபிரெஷ் விண்ட், ஃபிரெஷ் ஃபயர்’ நூல் அமெரிக்காவுக்கு வெளியிலும் போதகர்களின் மேசைக்குப் போனது. அதைப் படித்துவிட்டுச் செவ்வாய்க் கூட்டம் தொடங்கிய சபைகள் உண்டு. பாடகர் குழு மட்டும் தொடங்கிய சபைகள் அதைவிட அதிகம் இருக்கும் என்பது என் ஊகம். பாட்டுக்கு ஒலிபெருக்கியும் ஒத்திகையும் போதும். ஏழு மணிக் கூட்டத்துக்கு ஐந்து மணிக்கே ஆட்கள் வந்து மண்டியிட, அந்தச் சபைக்குப் பல வருஷங்கள் பிடித்தன. முதல் வருஷங்களில் போதகரும் பியானோவில் இருந்த மனைவியும்தான் கூட்டத்தில் பாதி.

கிறிஸி, அல் டொலிடோ என்ற போதகரை மணந்தார். பெற்றோரின் சபை ஸ்மித் தெருவுக்குக் குடிபோன அதே 2002-ல், கணவனும் மனைவியுமாகச் சிகாகோவில் ஒரு சபையைத் தொடங்கினார்கள். பெயர் சிகாகோ டேபர்னக்கிள். அங்கும் ஜெபக்கூட்டம் செவ்வாய் இரவில்தான்.